சூசைப்பிள்ளை ஊதாமல் விட்ட விசில்

பதினொரு கிழவர்கள் முற்றத்தில் அசையாமல் நிற்கிறோம். குதிக்கால்களைச் சேர்த்து, கைகளைத் தொடையோடு ஒட்டி, நாடியை நிமிர்த்தி நிற்கிறோம். எங்களுக்கு முன்னால் கிணற்றடிச் சீமெந்துத் தொட்டி. அதில் ஒரு மலர்வளையம் மிதக்கிறது. மழை இலேசாகத் தூறத் தொடங்கிவிட்டது. நெற்றியில் விழுந்த தண்ணீர் மூக்கு வழியாக இறங்கி வாய்க்குள் போகிறது. ஒருவரும் கையை எடுத்து முகத்தைத் துடைக்கவில்லை.

ஒரு நிமிட மௌனம் என்று தொடங்கியது. ஐந்து நிமிடமாவது ஆகியிருக்கும்.

எங்களை அப்படி நிறுத்தி வைத்திருந்தவர் குருநகர் சூசைப்பிள்ளை. அவர் எதுவும் செய்யவில்லை. கையிலிருந்த விசிலை ஊதாமல் இருந்தார், அவ்வளவுதான். ஏன் ஊதவில்லை என்பது அங்கே நின்றவர்களில் எனக்குத்தான் முழுதாகத் தெரியும்.

இந்தத் தொடரில் இதுவரை என்னுடைய கெட்டித்தனங்களைத்தான் எழுதி வந்திருக்கிறேன். கப்பலில் கள்ள லீவுப் பத்திரம் தயாரித்த கதையைப் படித்துவிட்டுச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்ததாகச் சிலர் எழுதியிருந்தீர்கள். இந்த வாரம் சிரிக்க அதிகம் இல்லை. இதை எழுதாமலே தொடரை முடித்துவிடலாம் என்றும் பார்த்தேன். மனம் கேட்கவில்லை.

பைக்குள் போன கோட்டு

எங்களுடையது இலங்கைக் கடற்படையில் இருந்த பழைய ஆட்களின் சங்கம். இளம் வயதில் வெள்ளைச் சட்டை போட்டுக் கப்பல் ஏறி, பதினைந்து இருபது வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் நாங்கள். குருநகர்க் கத்தோலிக்கர்கள் இருந்தார்கள். பண்டத்தரிப்பில் வெங்காயம் நடுகிறவர்கள் இருந்தார்கள். உடுப்பிட்டியிலிருந்து நான். கப்பலில் எனக்கு எழுத்துவேலை. அந்த வேலைக்கு அங்கே ரைட்டர் என்று பெயர். ஊரிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. எழுதத் தெரிந்தவன் என்பதால் என்னையே செயலாளராகவும் போட்டார்கள்.

யாழ்ப்பாண நகரத்தில், பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஓர் ஒழுங்கைக்குள் இருந்த பழைய வீட்டின் முன்னறைதான் எங்கள் காரியாலயம். மாதத்தில் ஒரு ஞாயிறு கூடுவோம். ஆஸ்பத்திரியில் கிடக்கிற அங்கத்தவரைப் போய்ப் பார்ப்பது, செத்தவீட்டுக்குச் சீராகச் சட்டை போட்டுக்கொண்டு போய் நிற்பது, விதவைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, இவைதான் எங்கள் பணிகள். மிஞ்சிய நேரத்தில் சீட்டாடுவோம். சீட்டில் கள்ளம் செய்வதில் மட்டும் மேலதிகாரி, கீழதிகாரி என்ற வேறுபாடு எங்களிடம் இருந்ததில்லை.

வருடத்தில் ஒரு நாள் எங்களுக்குப் பெரிய நாள். கார்த்திகை மாதத்து ஞாயிறு ஒன்றில், இறந்துபோன கடற்படைக்காரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்போம். பிறகு குருநகர்க் கரையிலிருந்து வள்ளத்தில் கொஞ்சத் தூரம் போய், கடலில் மலர்வளையம் விடுவோம். எல்லோரும் கடும்நீலக் கோட்டு போட்டிருப்போம். அந்த வெக்கையில் அதைப் போடுவதற்கே தனி வீரம் வேண்டும்.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு எல்லாம் மாறி, ஊருக்குக் கடற்படை எதிரியாகிவிட்டது. நங்கூரம் வரைந்த பெயர்ப்பலகையை நாங்களே கழற்றிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தோம். ரோட்டில் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு போகப் பயம். பொலித்தீன் பைக்குள் மடித்து வைத்துக் கொண்டுவந்து, உள்ளே போட்டு, போகும்போது கழற்றி மறுபடி பைக்குள் வைப்போம். சந்தைக்குப் போய் வருகிறவர்களைப் போலப் பையோடு வந்து பையோடு போனோம்.

கடற்படை கடலையும் மூடிவிட்டது. தொழிலுக்குப் போகிற வள்ளங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கரையோரமாகப் போய் வந்தன. மலர்வளையத்தைக் கடலில் விட வழியில்லை. அதற்காகச் சடங்கை விடுவதா? கிணற்றடித் தொட்டியை நிரப்பி அதில் மிதக்கவிட்டோம். யாருடைய யோசனை என்று கேட்காதீர்கள். என்னுடையதுதான்.

பருப்புச் சட்டியும் கட்டளையும்

சூசைப்பிள்ளையின் விசிலைப் பற்றிச் சொல்லவேண்டும். கப்பலில் கட்டளைகளைக் கத்திச் சொல்ல முடியாது, காற்றில் போய்விடும். அதற்காக ஒரு வெள்ளி விசில் இருக்கும். சிறு குழாய், நுனியில் ஒரு குண்டு. குண்டின் மேல் விரல்களை மூடித் திறந்து ஊத வேண்டும். சும்மா ஊதினால் காற்றுத்தான் வரும். எங்கள் சங்கத்தில் அதை ஊதத் தெரிந்தவர் சூசைப்பிள்ளை ஒருவர்தான்.

அதில் ‘ஸ்டில்’ என்று ஒரு கட்டளை உண்டு. நீட்டி ஒரே கீச்சுக் குரலாக வரும். அதைக் கேட்டால் கப்பலில் இருக்கிற அத்தனை பேரும் நின்ற இடத்தில் அப்படியே நின்றுவிட வேண்டும். அடுத்து ‘கரி ஒன்’, அதாவது இனி வேலையைத் தொடரலாம் என்ற விசில் வரும்வரை அசையக்கூடாது. முதலாவது ஊதி இரண்டாவது ஊதாமல் விட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

திருகோணமலையில் ஒருமுறை ஒரு சமையல்காரன் கொதிக்கிற பருப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிற நேரம் பார்த்து ‘ஸ்டில்’ ஊதிவிட்டார்கள். யாரோ பெரியவர் பக்கத்துக் கப்பலில் கடந்து போகிறார். சட்டியைக் கீழே வைக்கவும் முடியாது, பிடித்துக்கொண்டு நிற்கவும் முடியாது. அவன் நின்றான். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. ‘கரி ஒன்’ கேட்ட பிறகுதான் சட்டியை வைத்துவிட்டுத் தன் தாய்மொழியில் எல்லோருடைய தாயையும் விசாரித்தான். உள்ளங்கை இரண்டும் பொங்கிப்போயிருந்தன. இதைச் சங்கத்தில் எத்தனையோ முறை சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறோம். கட்டுப்பாடு என்றால் அதுதான் என்று எங்களுக்கு நினைப்பு.

எங்கள் சடங்கிலும் அதே முறைதான். பெயர்களை நான் வாசித்து முடிப்பேன். சூசைப்பிள்ளை ‘ஸ்டில்’ ஊதுவார். ஒரு நிமிடம் நிற்போம். நான் தலையசைத்ததும் ‘கரி ஒன்’ ஊதுவார். கலைந்து தேத்தண்ணீர் குடிக்கப் போவோம்.

நான் எழுதிய கடிதம்

சூசைப்பிள்ளைக்கு அருளப்பு என்று ஒரே மகன். கடற்றொழில் செய்தான். கலியாணம் கட்டி ஒரு வருடம் ஆகியிருக்கவில்லை. கடற்படையின் ரோந்துப் படகுகள் திரியத் தொடங்கிய காலத்தில், ஒரு நாள் கூட்டம் முடிந்ததும் சூசைப்பிள்ளை மகனைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“ரைட்டரண்ணை, பெடியன் கடலுக்குப் போகாமல் இருக்கேலாது. ஏதும் ஒரு கடுதாசி எழுதித் தருவியளே?”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடிதம் எழுதக் கேட்டால் போதும், எனக்குச் சாப்பாடும் வேண்டாம். நங்கூரம் அச்சிட்ட தாளை எடுத்தேன். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் தட்டச்சுச் செய்தேன். இதைக் கொண்டுவருபவர் ஒரு முன்னாள் கடற்படை வீரரின் மகன், தொழிலாளி, சகோதர மாலுமிகள் இவருக்கு வழிவிட்டு உதவவேண்டும் என்று எழுதி, கையொப்பம் வைத்து, சங்கத்தின் சீல் முத்திரையையும் குத்தினேன். நனையாமல் இருக்கப் பொலித்தீனில் சுற்றிக் கொடுத்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

“தம்பி, படகைக் கண்டா மற்றவங்கள் ஓடுவாங்கள். நீ ஓடாதை. ஓடுறவனைத்தான் சுடுவாங்கள். எஞ்சினை நிப்பாட்டு. எழும்பி நிண்டு கடுதாசியை உயத்திக் காட்டு. நிக்கிறவனைச் சுடுறது கடல்முறை இல்லை.”

அவன் தகப்பனைப் பார்த்தான். சூசைப்பிள்ளை சொன்னார்: “அண்ணை சொல்லுறது சரி. எங்களுக்குத் தெரியாதே உதுகளின்ரை முறை?”

நாங்கள் இருவரும் அதை மனதார நம்பினோம். வேறு எந்தத் தகப்பனும் மகனுக்கு அப்படிச் சொல்லியிருக்க மாட்டான். கரையிலிருந்த சின்னப் பிள்ளைக்குக்கூட ஓடவேண்டும் என்று தெரிந்திருந்தது. அந்தச் சட்டையைப் போட்டிருந்த எங்களுக்கு மட்டும் தெரியவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு விடிகாலையில் நான்கு வள்ளங்கள் போயின. படகு வந்தது. மூன்று வள்ளங்கள் கரைக்கு ஓடித் தப்பின. அருளப்பு எஞ்சினை நிறுத்தினான். எழுந்து நின்றான். கையில் எதையோ உயர்த்திப் பிடித்திருந்தான் என்று தப்பி வந்தவர்கள் சொன்னார்கள். அவனைச் சுட்டுவிட்டுப் படகு போய்விட்டது. மத்தியானம் உடலைக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

செத்தவீட்டுக்கு நான் போனேன். மாதா கோவிலில் பின்வரிசையில் நின்றேன். யாராவது அந்தக் கடிதத்தைப் பற்றிக் கதைப்பார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேனே தவிர, அவன் பெண்சாதி அழுதது என் காதில் சரியாக விழவில்லை. பொடியைத் தூக்கியதும் முதல் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உடுப்பிட்டிக்கு வந்தவர்

கார்த்திகைச் சடங்குக்கு நாலைந்து நாள் இருக்கும்போது சூசைப்பிள்ளை உடுப்பிட்டிக்கு என் வீடு தேடி வந்தார். அதுவரை வந்ததில்லை. கப்பலில் இருவரும் ஒரே தட்டத்தில் சாப்பிட்டவர்கள்தான். ஆனாலும் கரைக்கு வந்த பிறகு நான் அவரை ஒரு படி இறக்கி ‘நீர்’ என்பேன், அவர் என்னை ‘நீங்கள்’ என்பார். அது ஏன் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. வசதியாக இருந்தது, விட்டுவிட்டேன்.

கதிரையின் நுனியில் இருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பொலித்தீனை எடுத்து மேசையில் வைத்தார்.

“இதைப் பிடியுங்கோ அண்ணை. அவன்ரை கையுக்கை கிடந்தது. உங்கடை பேரும் சீலும் கிடக்கு. வேறை ஆரின்ரையும் கையிலை அம்பிட்டா உங்களுக்குக் கரைச்சல்.”

அந்த மனிதன் மகனைப் புதைத்த துக்கத்திலும் எனக்குக் கரைச்சல் வரக்கூடாது என்று அதை எடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறார். என் மனதில் அப்போது என்ன ஓடியது தெரியுமா? அப்பாடா என்றுதான் ஓடியது. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. நன்றாக மூச்சு வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொல்லித்தான் ஆகவேண்டும்.

“அண்ணை, ஒண்டு கேக்க வந்தனான்,” என்றார். “ஞாயிறு பேர் வாசிக்கேக்கை என்ரை மோன்ரை பேரையும் வாசியுங்கோ. கடைசியா வாசிச்சாலும் காணும். அவனும் கடலிலை செத்தவன்தானே.”

கடிதம் என் கைக்கு வந்துவிட்டது. இனி அந்தப் பெயரை வாசித்தால் எப்படிச் செத்தான் என்று கேட்பார்கள். ஏன் ஓடாமல் நின்றான் என்று கேட்பார்கள். கதை திரும்பவும் என் தட்டச்சுப் பொறிக்கே வந்து சேரும். இதெல்லாம் ஒரு நொடியில் எனக்குள் ஓடியது. வாயில் வந்தது வேறு.

“சங்கத்தின்ரை யாப்பு விதியிலை இடமில்லை சூசை. சேவை செய்த ஆக்களின்ரை பேர் மட்டும்தான் வாசிக்கலாம். ஒருத்தருக்கு வாசிச்சா நாளைக்கு எல்லாரும் கேப்பினம்.”

“கேக்கட்டுமன் அண்ணை. வாசிக்கிறதுதானே.”

தேத்தண்ணீர் கொண்டுவந்த என் மனைவி கதவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஒரு பேர் வாசிச்சா உங்கடை நாக்குத் தேஞ்சு போடுமே?” என்றாள்.

“உனக்கு உதுகள் விளங்காது. நீ உள்ளுக்குப் போ,” என்று பாய்ந்தேன்.

சூசைப்பிள்ளை எழுந்தார். தேத்தண்ணீரைத் தொடவில்லை. “சரி அண்ணை. ஞாயிறு வாறன். விசில் நான்தானே ஊதவேணும்,” என்று சொல்லிப் படலையைச் சாத்திக்கொண்டு போனார். அவர் பஸ்சுக்குப் போய்ச் சேருமுன் அந்தக் கடிதத்தை நான் அடுப்புக்குள் போட்டுவிட்டேன். பொலித்தீன் எரிந்த நாற்றம் பகல் முழுக்கக் குசினியில் நின்றது. 

தொட்டியடியில்

அந்த ஞாயிற்றுக்கிழமை தலைவர் இல்லை. மகளோடு வெளிநாடு போய்விட்டார். நானே எல்லாம். கோட்டுகளைப் பையிலிருந்து எடுத்துப் போட்டோம். மடித்து வைத்த மணம், பூச்சி உருண்டை மணம் எல்லாம் சேர்ந்து வந்தது. வளையத்தைத் தொட்டியில் வைத்தேன். பெயர்களை வாசித்தேன். குரல் நன்றாகத்தான் இருந்தது. கடைசிப் பெயரை வாசித்துவிட்டுத் தாளை மடித்தேன். சூசைப்பிள்ளை என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

‘ஸ்டில்’ ஊதினார். அத்தனை வருடத்தில் அவ்வளவு திருத்தமாக அவர் ஊதி நான் கேட்டதில்லை. எல்லோரும் விறைத்து நின்றோம்.

ஒரு நிமிடம் முடிந்தது. தலையசைத்தேன். ஊதவில்லை. பார்க்கவில்லையோ என்று மறுபடி அசைத்தேன். விசில் அவர் நெஞ்சுக்கு நேரே கையில் இருந்தது. கோபமான முகம் இல்லை. பஸ்சுக்குக் காத்து நிற்கிறவருடைய முகம். வரும், வரத்தான் வேண்டும் என்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மழை தூறியது.  எண்பதை நெருங்குகிற ஒருவருக்கு மூச்சு இழுத்தது. ஆனாலும் யாரும் அசையவில்லை. அவர்களை விடுவிக்க எனக்கு ஒரு பெயர் போதும். அது நாக்கின் நுனியில் இருந்தது. மற்றவர்களின் முகங்களைப் பார்த்தேன், பயம் வந்தது.

“கரி ஒன்!” என்று வாயால் கத்தினேன்.

அப்படி வாயால் சொல்லி எங்கள் சடங்கு முடிந்ததே இல்லை. ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மெதுவாகக் கலைந்து தேத்தண்ணீர் மேசைக்கு வந்தார்கள். சூசைப்பிள்ளை வரவில்லை. குதிக்கால் சேர்ந்தபடி, தொட்டிக்கு முன்னால் அப்படியே நின்றார். நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கோப்பையை எடுத்துக் குடித்தேன்.

“சீனி காணாது, இன்னும் போடுங்கோ,” என்றேன். உண்மையாகவே அதைச் சொன்னேன்.

பக்கத்தில் பண்டத்தரிப்புக் கந்தையா நின்றார். கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்தவர், அதிகம் கதைக்காத மனிதர். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ரைட்டர், சீனி கிடக்கட்டும். உந்த மனுசன் இன்னும் நிக்குது.”

குடிக்காத கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். சூசைப்பிள்ளைக்குப் பக்கத்தில் குதிக்காலைச் சேர்த்து நின்றார். “என்ன சூசை, பெடியன்ரை பேரோ?” என்று கேட்டது எனக்கும் கேட்டது. ‘ஸ்டில்’ ஊதிய பிறகு வாய் திறக்கக்கூடாது.  சூசைப்பிள்ளை கண்ணை மட்டும் ஒருமுறை மூடித் திறந்தார்.

மேசையடியில் கோப்பைகள் ஒவ்வொன்றாகக் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. ஒவ்வொருவராகப் போய்ப் பழைய இடத்தில் நின்றார்கள். மூச்சு இழுத்தவரும் போனார்.

கந்தையா தோட்டத்தில் ஆள் கூப்பிடுகிற குரலில் சொன்னார்: “சூசைப்பிள்ளை அருளப்பு!”

சூசைப்பிள்ளை விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். முதலில் காற்றுத்தான் வந்தது. இரண்டாம் தரம் ஊதினார்.

மேசைக்கும் தொட்டிக்கும் இடையில் பத்து அடி இருக்கும். நான் போகவில்லை. கையில் கோப்பையோடு மேசையடியிலேயே நின்றேன்.

கூட்டக் குறிப்பு

செயலாளர் என்ற முறையில் அன்றைய நிகழ்வை நான்தான் கொப்பியில் பதிய வேண்டும். வீட்டுக்கு வந்து, கையெழுத்துச் சிதறாமல், எழுதினேன்: ‘பெயர்கள் வாசிக்கப்பட்டன. ஒரு நிமிட மௌனம் அனுட்டிக்கப்பட்டது. நிகழ்வு வழமைபோல் இனிதே நிறைவுற்றது.’

அடுத்த மாதக் கூட்டத்தில் அதை வாசித்தேன். குறிப்பு சரி என்று யாராவது முன்மொழிய வேண்டும். அதற்குப் பிறகுதான் கூட்டம் நகரும். வழக்கமாக நான் வாசித்து முடிக்குமுன்பே இரண்டு மூன்று கை உயர்ந்துவிடும். சீட்டாட அவ்வளவு அவசரம். அன்றைக்கு ஒரு கையும் உயரவில்லை. கந்தையா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நான் முன்மொழியிறன்,” என்று ஒரு குரல் வந்தது.

நிமிர்ந்தேன். பின்கதிரையில் சூசைப்பிள்ளை கையை உயர்த்தியபடி இருந்தார்.

“சூசை, நீர்...” என்று இழுத்தேன்.

“எழுதுங்கோ அண்ணை,” என்றார். குரலில் சூடு இல்லை. “நீங்கள் எழுதினா சரியாத்தான் இருக்கும். உங்கடை கடுதாசியையும் அப்பிடி நம்பித்தானே என்ரை மோன் எஞ்சினை நிப்பாட்டினவன்.”

அறையில் இருந்த எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் பேனாவை எடுத்து, முன்மொழிந்தவர் என்ற இடத்தில் அவருடைய பெயரை எழுதினேன்.